எஞ்சியவர்களின் அணி: சூப்பர் ஹீரோக்கள் திரைக்குத் தெரிவான வரலாறு

2012ஆம் ஆண்டு வெளியான 'தி அவெஞ்சர்ஸ்' திரைப்படத்தின் இறுதிப் பகுதியில், நியூயார்க் நகரத் தெருவொன்றில் ஆறு பேர் வெளிநோக்கி வட்டமாக நிற்கும் காட்சி ஒன்று உண்டு. கேமரா அவர்களைச் சுற்றி வருகிறது. அயன் மேன், கேப்டன் அமெரிக்கா, தோர், ஹல்க், பிளாக் விடோ, ஹாக்ஐ. உலகெங்கும் ஏறத்தாழ 150 கோடி டாலர் வசூலித்த அப்படத்தின் வழியாக இந்த அறுவர் வரிசை ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்துவிட்டது. அவெஞ்சர்ஸ் என்றால் இவர்கள்தாம். வேறு எவரும் அந்த வட்டத்தில் நின்றிருக்க முடியாது என்று தோன்றும் அளவுக்கு அந்தத் தெரிவு இயல்பானதாகிவிட்டது.

1963 செப்டம்பர் தேதியிட்ட 'அவெஞ்சர்ஸ்' காமிக்ஸ் முதல் இதழ் வேறொரு வரிசையைக் காட்டுகிறது. ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் உருவாக்கிய அந்த இதழில் ஐந்து பேர்: அயன் மேன், தோர், ஹல்க், ஆன்ட்-மேன், வாஸ்ப். திரைப்படத்தைப் போலவே அங்கும் பகைவன் லோகி. ஆனால் கேப்டன் அமெரிக்கா அதில் இல்லை. அவர் 1964 மார்ச் தேதியிட்ட நான்காம் இதழில்தான் சேர்கிறார். ஹாக்ஐ 1965இலும், பிளாக் விடோ 1973இலும் உறுப்பினராகின்றனர். அவ்விருவருமே முதலில் அயன் மேனின் எதிரிகளாக அறிமுகமானவர்கள். ஆக, 1963இன் ஐவரில் மூவர் மட்டுமே 2012இன் அறுவருக்குள் வந்தனர். விடுபட்டோர் இருவர். அவர்களுள் ஒருவர் அவ்வணியின் ஒரே பெண். அணிக்கு அவெஞ்சர்ஸ் என்ற பெயரை முன்மொழிந்தவரும் அவரே.

தழுவல் ஆய்வுகள் பெரும்பாலும் மூலத்துக்கு விசுவாசம் என்ற அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. அணித் தழுவல்களைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் போதாது. அறுபது ஆண்டு மூலத்தில் அவெஞ்சர்ஸ் அணியின் உறுப்பினர் பட்டியல் எத்தனையோ முறை மாறியிருக்கிறது. எந்த ஆண்டின் அணிக்கு விசுவாசமாக இருப்பது? இங்கே கேட்கத்தக்க வினா வேறு. தெரிவு செய்தவர்கள் யார்? தெரிவுக்கு முன்னரே களத்திலிருந்து அகற்றப்பட்டிருந்தவர்கள் யார்? களத்தில் இருந்தும் அழைக்கப்படாதவர்கள் யார்?

1. அச்சிலேயே தொடங்கிய கணக்கு

அணியைக் கெடுத்தது திரையின் வணிகம், அச்சுக்காலம் தூயது என்ற கருத்து காமிக்ஸ் விசிறிகளிடையே பரவலாக உண்டு. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. முதல் சூப்பர் ஹீரோ அணியான ஜஸ்டிஸ் சொசைட்டி 1940 குளிர்காலத்தில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழில் தோன்றியது. அதில் எட்டு பேர்: ஃபிளாஷ், கிரீன் லாண்டர்ன், ஹாக்மேன், ஆட்டம் ஆகிய நால்வர் ஆல்-அமெரிக்கன் பதிப்பகத்தைச் சேர்ந்தவர்கள்; சாண்ட்மேன், அவர்மேன், டாக்டர் ஃபேட், ஸ்பெக்டர் ஆகிய நால்வர் அதன் கூட்டு நிறுவனமான நேஷனலுக்கு உரியவர்கள். நான்குக்கு நான்கு என்ற இந்தச் சமன்பாடு கதையின் தேவையால் அமைந்ததாகத் தெரியவில்லை. இரு பதிப்பகங்கள் ஒரே மேடையைப் பங்கிட்டுக்கொண்டதன் தடம் அது.

அவ்வணிக்கு ஒரு விதியும் இருந்தது. தனக்கென ஓர் இதழைப் பெற்றுவிட்ட நாயகர் அணியிலிருந்து விலகிக் கௌரவ உறுப்பினராகிவிடுவார். சூப்பர்மேனும் பேட்மேனும் அவ்வாறே தொடக்கம் முதல் கௌரவ நிலையில் வைக்கப்பட்டனர். ஃபிளாஷுக்குத் தனி இதழ் கிடைத்ததும் அவர் விலகினார். கிரீன் லாண்டர்னும் அப்படியே. அணி என்பது அக்காலத்தில் வலிமையானவர்களின் மன்றமன்று. இன்னும் தனி இதழ் கிடைக்காதவர்களுக்கான காட்சியறை. இந்த ஏற்பாட்டுக்குள் 1942இல் வந்த வொண்டர் வுமனுக்குத் தரப்பட்ட பணி அணியின் செயலாளர். குறிப்பெடுப்பதற்காக அவர் பின்னே நிற்க, ஆடவர் போருக்குப் போயினர்.

1960இல் 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 28ஆம் இதழில் ஜஸ்டிஸ் லீக் தோன்றியபோது விதி தலைகீழானது. இப்போது புகழ் பெற்றவர்களே உறுப்பினர்கள். ஆயினும் சூப்பர்மேனும் பேட்மேனும் தொடக்கக் கதைகளில் ஓரமாகவே நிறுத்தப்பட்டனர். அவ்விரு நாயகர்களின் இதழ்களை நடத்திய பதிப்பாசிரியர்கள் தம் நாயகர் பிறர் இதழில் மிகுதியாகத் தோன்றுவதை விரும்பவில்லை என்பதே காரணம். உறுப்பினர் ஆவதற்கும் இடம் பெறுவதற்கும் இடையிலான இந்த வேறுபாடு பின்னர் திரையிலும் திரும்ப வரும்.

2. தொலைக்காட்சியின் சல்லடை

அணி முதன்முதலில் பெருந்திரளான குழந்தைகளைச் சென்றடைந்தது 1973 செப்டம்பரில். ஹன்னா-பார்பெரா நிறுவனம் ஏபிசி தொலைக்காட்சிக்காகத் தயாரித்த 'சூப்பர் ஃபிரண்ட்ஸ்' தொடரில் சூப்பர்மேன், பேட்மேன், ராபின், வொண்டர் வுமன், அக்வாமேன் ஆகிய ஐவர் நிலையான உறுப்பினர்கள். ஃபிளாஷ் விருந்தினராக மட்டும் வந்தார். அச்சில் ஜஸ்டிஸ் லீகின் நிறுவனர்களுள் ஒருவரான மார்ஷியன் மேன்ஹன்டர் வரவில்லை. அக்வாமேனுக்கு இடம் கிடைத்தது வியப்பன்று. 1960களின் பிற்பகுதியிலேயே அவர் அசைவூட்டத் தொடர் ஒன்றின் நாயகராகக் குழந்தைகளுக்கு அறிமுகமாகியிருந்தார்.

அது குழந்தைகள் தொலைக்காட்சியில் வன்முறையை எதிர்த்துப் பெற்றோர் அமைப்புகள் வலுவாகக் குரலெழுப்பிய காலம். 1968இல் தொடங்கப்பட்ட 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்' இயக்கம் அவற்றுள் முதன்மையானது. ஆதலால் சூப்பர் ஃபிரண்ட்ஸ் தொடரில் அடிதடி அருகியது. பகைவர் பெரும்பாலும் வழிதவறிய அறிவியலாளர்களாக இருந்தனர். பார்க்கும் சிறாருக்குப் பதிலிகளாக இரு பதின்பருவத்தினரும் ஒரு நாயும் அணியில் சேர்க்கப்பட்டனர். இவ்வாறு தெரிவின் அளவுகோல்களுள் ஒழுக்கக் கண்காணிப்பும் ஒன்றாயிற்று.

1977இல் இத்தொடருக்குள் மூன்று புதியவர்கள் வந்தனர்: பிளாக் வல்கன் என்ற கறுப்பினத்தவர், அப்பாச்சி சீஃப் என்ற பூர்வகுடி அமெரிக்கர், சாமுராய் என்ற ஜப்பானியர். மூவரும் காமிக்ஸில் இல்லாதவர்கள், தொலைக்காட்சிக்காகவே படைக்கப்பட்டவர்கள். அதே ஆண்டில்தான் டி.சி. காமிக்ஸ் தன் முதல் கறுப்பின நாயக இதழாகப் 'பிளாக் லைட்னிங்'கை வெளியிட்டது. எழுத்தாளர் டோனி இசபெல்லாவும் ஓவியர் டிரெவர் வான் ஈடனும் உருவாக்கிய, மின்னலை ஆளும் அந்த நாயகர் அச்சில் இருக்க, திரையில் மின்னலை ஆளும் வேறொருவர் நின்றார். 1978இன் 'சேலஞ்ச் ஆஃப் தி சூப்பர் ஃபிரண்ட்ஸ்' அணியில் பதினொருவர். அவர்களுள் பெண் வொண்டர் வுமன் ஒருவரே. எதிர் அணியின் பதின்மூவருள்கூடப் பெண்கள் இருவர். நிறத்தைப் பற்றிய எண்ணம் தயாரிப்பாளர்களுக்கு வந்திருந்தது. பாலினத்தைப் பற்றிய எண்ணம் வரவில்லை.

1984இல் ஃபயர்ஸ்டார்மும், 1985இல் அதே தொடரின் இறுதி வடிவத்தில் சைபோர்கும் இணைந்தனர். அப்போது கென்னர் நிறுவனம் 'சூப்பர் பவர்ஸ்' என்ற பெயரில் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தது; தொடரின் பெயரிலும் அதே சொற்கள் இடம்பெற்றன. பொம்மைக் கடையின் அலமாரி அணியின் உறுப்பினர் பட்டியலை எழுதத் தொடங்கிய காலம் எனலாம்.

3. சிதறிய சொத்துகள்

டி.சி.யின் நாயகர்கள் அனைவரும் வார்னர் என்ற ஒரே நிறுவனக் கூரையின் கீழ் இருந்தனர். மார்வெலின் நிலை வேறு. அதற்குத் திரைக்கூடம் கிடையாது. நாயகர்களின் திரைப்பட உரிமையை ஒவ்வொன்றாக வெளியாருக்கு விற்றது. 1985இல் ஸ்பைடர்-மேன் கேனன் நிறுவனத்துக்குச் சென்றார். அந்நிறுவனம் நொடித்தபின் உரிமை கை மாறி, வழக்குகளில் சிக்கி, 1999இல்தான் சோனியிடம் நிலைபெற்றது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஒருவரிடம் சென்றது. 1990களில் எக்ஸ்-மென் ஃபாக்ஸ் நிறுவனத்தின் வசமானது. எக்ஸ்-மென் உரிமை என்பது ஒரு கதையின் உரிமை மட்டுமன்று. 'மியூடன்ட்' என்ற கருத்தும், அவ்வகையைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பாத்திரங்களும் அதனுடன் சென்றன.

1996 டிசம்பரில் மார்வெல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. ரொனால்ட் பெரெல்மன், கார்ல் ஐகான் என்ற இரு பெருமுதலாளிகளின் மோதலுக்குப்பின் 1998இல் நிறுவனத்தைக் கைப்பற்றியது டாய் பிஸ் என்ற பொம்மை நிறுவனம். அதன் உரிமையாளர் ஐசக் பெர்ல்மட்டரும் கூட்டாளி ஆவி அராடும் மார்வெலின் போக்கைத் தீர்மானிப்பவர்களாயினர். இதன் பொருள் தெளிவு: தெரிவு செய்யும் மேசையில் இப்போது பொம்மை வணிகர் அமர்ந்திருந்தனர். அயன் மேனை முதல் படத்துக்குத் தெரிவு செய்வதற்குமுன், எந்த நாயகரின் பொம்மையோடு விளையாட விரும்புகிறீர்கள் என்று குழந்தைகளிடம் கேட்டறியப்பட்டது என்பதைப் பிற்கால ஹாலிவுட் வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

4. 2005: அடமானப் பட்டியல்

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க ஆவணம் ஒரு திரைக்கதையன்று, ஒரு கடன் ஒப்பந்தம். 2005இல் டேவிட் மைசல் வகுத்த திட்டத்தின்படி, மெரில் லிஞ்ச் வங்கியின் ஏற்பாட்டில் மார்வெல் 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றது. அதைக் கொண்டு தானே படம் தயாரிப்பது நோக்கம். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டவை பத்துத் திரைப்பட உரிமைகள்: ஆன்ட்-மேன், அவெஞ்சர்ஸ், பிளாக் பேந்தர், கேப்டன் அமெரிக்கா, கிளோக் அண்ட் டேகர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஹாக்ஐ, நிக் ஃபியூரி, பவர் பேக், ஷாங்-சி. படங்கள் தோற்றால் இந்த உரிமைகள் கடன் கொடுத்தவர்களுக்குப் போய்விடும்.

இந்தப் பத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது: நல்லவை எல்லாம் விற்றுப்போயின, எஞ்சியவற்றைக் கொண்டு மார்வெல் வென்றது. இது பாதி உண்மை. பட்டியலைத் திரைப்படத்தின் அறுவரோடு ஒப்பிட்டால் மறுபாதி தெரியும். அறுவருள் கேப்டன் அமெரிக்காவும் ஹாக்ஐயும் மட்டுமே தனிப்பெயரில் இப்பட்டியலில் உள்ளனர். அயன் மேன் 2005இன் இறுதியில் நியூ லைன் நிறுவனத்திடமிருந்து மீட்கப்பட்டார். ஹல்க் 2006இல் யுனிவர்சலிடமிருந்து திரும்பினார். எனினும் அவரது தனிப்படங்களை வெளியிடும் உரிமை அந்நிறுவனத்திடமே தங்கிவிட்டது. 2008க்குப்பின் ஹல்க்குக்குத் தனிப்படம் இல்லாமல், அணிப்படங்களே அவரது இருப்பிடமானதன் பின்னணி இது. தோர் சோனியிடமிருந்தும் பிளாக் விடோ லயன்ஸ்கேட்டிடமிருந்தும் அதே காலப்பகுதியில் மீண்டனர்.

அதாவது, அறுவருள் நால்வர் கைவிட்டுப் போய் மீண்டு வந்தவர்கள். கையிலேயே இருந்தவர்களோ காத்திருந்தனர். ஆன்ட்-மேன் 2015இலும், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 2016இலும் திரையேறினர். பிளாக் பேந்தர் 2016இல் பிறர் படத்தில் தோன்றி, 2018இல் தனிப்படம் பெற்றார். ஷாங்-சி 2021 வரை காத்திருந்தார். பவர் பேக் திரைப்படமாக வரவேயில்லை. எஞ்சியவர்களின் அணி என்ற சொற்றொடர் மேலோட்டமாகவே பொருந்துகிறது. எஞ்சியவர்களுக்குள்ளும் ஒரு தெரிவு நடந்தது.

5. ஒப்பந்தம் விளக்குவதும் விளக்காததும்

ஒப்பந்தத்தால் விளங்குபவை பல. ஸ்பைடர்-மேனும் வுல்வரினும் 2012இன் வட்டத்தில் ஏன் இல்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச் என்ற உடன்பிறப்புகள் இன்னும் தெளிவான சான்று. அச்சில் அவர்கள் மியூடன்டுகளாகவும் 1965 முதல் அவெஞ்சர்ஸ் உறுப்பினர்களாகவும் இருந்ததால் ஃபாக்ஸ், மார்வெல் இரண்டுக்கும் அவர்கள்மேல் உரிமை இருந்தது. குவிக்சில்வர் 2014இல் ஃபாக்ஸ் படத்தில் ஒரு நடிகராலும், 2015இல் மார்வெல் படத்தில் வேறொரு நடிகராலும் தோன்றினார். ஒன்றில் அவெஞ்சர்ஸ் என்ற சொல் வராது. மற்றொன்றில் மியூடன்ட் என்ற சொல் வராது. ஒரே பாத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றை இரு சட்டப்பிரிவுகள் பங்கு போட்டன.

அறுவர் அமைப்பின் வடிவத்துக்கும் அண்மைய அச்சு மூலம் ஒன்று உண்டு. 2002இல் மார்க் மில்லரும் பிரையன் ஹிட்சும் படைத்த 'தி அல்டிமேட்ஸ்' இதழில் அவெஞ்சர்ஸ் அணி அரசின் பாதுகாப்பு அமைப்பொன்றின் படையாக மாற்றப்பட்டது. அங்கே நிக் ஃபியூரி நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் சாயலில் வரையப்பட்டார். ஹாக்ஐயும் பிளாக் விடோவும் அரசின் இரகசியப் பணியாளர்கள். திரைப்படம் எடுத்துக்கொண்ட சட்டகம் பெரிதும் இதுவே. இந்தச் சட்டகத்தில் உளவாளிகளுக்கு இயல்பாகவே இடம் கிடைத்தது.

ஆனால் அதே அல்டிமேட்ஸ் அணியில் வாஸ்பும் இருந்தார். ஆன்ட்-மேனின் உரிமை மார்வெலிடம் இருந்தது. வாஸ்பைப் பயன்படுத்தச் சட்டத் தடை எதுவும் இல்லை. பிளாக் விடோவாக நடிக்கவிருந்தவர் கிடைப்பது உறுதியாகாதிருந்த கட்டத்தில் வாஸ்பை வைத்து ஒரு வரைவு எழுதியதாக இயக்குநர் ஜாஸ் வீடனே கூறியிருக்கிறார். அவ்வரைவு இருந்தது என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. வாஸ்பும் பிளாக் விடோவும் அங்கே சேர்ந்து நிற்கக்கூடிய இருவராகக் கருதப்படவில்லை. ஒருவருக்கு ஒருவர் மாற்றாகவே கருதப்பட்டனர். அறுவருள் பெண்ணுக்கு ஓரிடம் என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. 1978இன் பதினொருவர் அணிக்கும் அது எழுதப்படாத விதியாகவே இருந்தது.

ஆன்ட்-மேன் அணியில் சேராமைக்கு அவருக்கென ஒரு தனிப்படம் நெடுங்காலம் உருவாக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம். அதன் விளைவு கதையின் உள்ளேயும் பரவியது. அச்சில் அல்ட்ரான் என்ற எந்திரப் பகைவனைப் படைப்பவர் ஆன்ட்-மேனான ஹேங்க் பிம். 2015இன் திரைப்படத்தில் அப்பழி டோனி ஸ்டார்க்கின் தோளில் ஏறியது. விடுபட்டவரின் பிழையைக்கூட வந்தவர் சுமக்க வேண்டியதாயிற்று.

பிளாக் பேந்தர் 1966இல் அறிமுகமாகி, 1968இல் அச்சில் அவெஞ்சர்ஸ் உறுப்பினரானவர். அவரது உரிமை 2005 முதல் மார்வெலின் கையில் இருந்தது. கறுப்பின நாயகர் படம் ஓடாது என்ற வாதத்துக்கும் அந்நிறுவனத்தின் சொந்த வரலாறே மறுப்பு. திவாலுக்குப்பின் மார்வெலின் பாத்திரங்கள் திரையில் வெல்ல முடியும் என்று முதலில் காட்டிய படம் 1998இன் 'பிளேட்'. அதன் நாயகர் வெஸ்லி ஸ்னைப்ஸ். இருந்தும் 2012இன் வட்டத்தில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை. அணியைக் கூட்டிய நிக் ஃபியூரி வட்டத்துக்கு வெளியே, கண்காணிப்புத் திரைகளின் முன் நின்றார்.

இத்தகைய முடிவுகளின் பின்னிருந்த மனப்போக்குக்குச் சான்றுகள் பின்னர் வெளிவந்தன. 2014இல் பெர்ல்மட்டர் சோனி நிறுவன உயர் அலுவலருக்கு அனுப்பிய சிறு மின்னஞ்சல் ஒன்று, இணையத் திருட்டின் வழியே 2015இல் பொதுவெளிக்கு வந்தது. அதில் 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' என்ற மூன்று பெண் நாயகப் படங்களின் தோல்வி பட்டியலிடப்பட்டிருந்தது. தோற்ற ஆண் நாயகப் படங்களுக்கு அப்படியொரு பட்டியல் எழுதப்படுவதில்லை. அவற்றின் தோல்வி அந்தந்தப் படத்தின் தோல்வியாகவே கொள்ளப்படும். 2013இன் 'அயன் மேன் 3' படத்தில் முதன்மைப் பகைவராக முதலில் ஒரு பெண்ணே எழுதப்பட்டிருந்தார் என்றும், பொம்மை விற்பனையைக் கருதி அது மாற்றப்பட்டது என்றும் இயக்குநர் ஷேன் பிளாக் 2016இல் தெரிவித்தார். 2015இன் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் பிளாக் விடோ விமானத்திலிருந்து இருசக்கர வண்டியில் குதிக்கும் காட்சி பொம்மையாக வந்தபோது, வண்டியில் அமர்ந்திருந்தவர் கேப்டன் அமெரிக்கா. அணியில் இடம்பெற்ற ஒரே பெண்ணும் கடை அலமாரிக்குப் போகும் வழியில் இறக்கிவிடப்பட்டார்.

ஒப்பந்தம் எல்லையை வரைந்தது. எல்லைக்குள் யாரை நிறுத்துவது என்பதை மனிதர்களே முடிவு செய்தனர். உரிமைச் சிக்கல் என்ற உண்மையான காரணம், உரிமைச் சிக்கலே இல்லாத விடுபடல்களுக்கும் போர்வையாகிவிடக் கூடாது.

6. வேறு விதமாகவும் தெரிவு செய்ய முடிந்தது

அக்காலச் சூழல் அப்படி, வேறு வழியில்லை என்ற வாதத்துக்கு விடையாக ஓர் எடுத்துக்காட்டு பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது. 2001 நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய 'ஜஸ்டிஸ் லீக்' அசைவூட்டத் தொடரில் புரூஸ் டிம் குழுவினர் ஏழு பேரைத் தெரிவு செய்தனர்: சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், ஃபிளாஷ், கிரீன் லாண்டர்ன், மார்ஷியன் மேன்ஹன்டர், ஹாக்கேர்ள். 1960இன் எழுவரோடு ஒப்பிட்டால் ஓரிடம் மட்டும் மாறியதாகத் தோன்றும்: அக்வாமேன் வெளியே, ஹாக்கேர்ள் உள்ளே. உண்மையில் மாறியவை இரண்டு.

கிரீன் லாண்டர்ன் என்ற பெயரை அச்சில் பலர் தாங்கியிருக்கின்றனர். 1960இன் உறுப்பினர் ஹால் ஜோர்டன் என்ற வெள்ளையர். 2001இல் அச்சில் அப்பெயருக்கு உரியவராக முன்னின்றவர் கைல் ரேனர். தொடர் இருவரையும் விடுத்து, டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் 1970களின் தொடக்கத்தில் படைத்த கறுப்பினத்தவரான ஜான் ஸ்டூவர்ட்டை எடுத்துக்கொண்டது. அதேபோல ஹாக்மேனின் இணையாகவே பெரும்பாலும் அறியப்பட்ட ஹாக்கேர்ளை, ஹாக்மேன் இல்லாமல் தனியே எடுத்துக்கொண்டது. அணி முழுதும் வெள்ளை ஆடவராக இருக்கலாகாது என்பதே இத்தெரிவுகளின் நோக்கம் எனப் படைப்பாளர்கள் வெளிப்படையாகவே கூறினர்.

இவை அடையாளத்துக்காக நிறுத்தப்பட்ட பதுமைகளாக முடியவில்லை. ஸ்டூவர்ட் முன்னாள் மரைன் படை வீரர். கண்டிப்பும் தயக்கமும் கொண்டவர். ஹாக்கேர்ள் அணியின் நம்பிக்கைக்குரியவராகவும், பின்னர் அந்நம்பிக்கையை உடைத்தவராகவும் எழுதப்பட்டார். இருவருக்கும் இடையில் வளர்ந்த காதலே இரண்டாம் பருவத்தின் முடிவைத் தாங்கியது. விளைவு நினைவின் தளத்தில் நிகழ்ந்தது. அத்தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு கிரீன் லாண்டர்ன் என்றால் ஜான் ஸ்டூவர்ட். 2011இல் ஹால் ஜோர்டனை நாயகராகக் கொண்ட திரைப்படம் வந்தபோது அவர்களுள் பலர் வியப்புற்றனர். அச்சிலும் ஸ்டூவர்ட் முன்வரிசைக்கு மீண்டார். தழுவல் மூலத்தைத் திருத்தியது என்பது இங்கே உருவகமன்று, நடந்த செய்தி.

இத்தொடருக்கும் சுதந்திரம் முழுமையாக இருந்ததில்லை. 2004க்குப்பின் பேட்மேன் சார்ந்த பகைவர்களும் துணைவர்களும் வேறு தொடருக்கும் திரைப்படத்துக்கும் ஒதுக்கப்பட, அவர்களைப் பயன்படுத்தத் தடை வந்தது. எல்லை அங்கும் இருந்தது. எல்லைக்குள் அவர்கள் எடுத்த முடிவுதான் வேறு.

7. இடமும் குரலும்

வட்டத்தில் இடம் கிடைப்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதை 2017இன் 'ஜஸ்டிஸ் லீக்' திரைப்படம் காட்டுகிறது. 2011இல் டி.சி. தன் இதழ்களைப் புதிதாகத் தொடங்கியபோது சைபோர்க் அணியின் நிறுவனர்களுள் ஒருவராக்கப்பட்டார். திரைப்படமும் அவரை ஏற்றது. ஆனால் திரையரங்குக்கு வந்த வடிவத்தில் அவரது கதையின் பெரும்பகுதி இல்லை. 2021இல் சாக் ஸ்னைடரின் வடிவம் வெளியானபோதுதான், தந்தைக்கும் மகனுக்குமான அந்தக் கதையே படத்தின் நடுவாக எண்ணப்பட்டிருந்தது தெரிந்தது. 1942இன் செயலாளர் நாற்காலியிலிருந்து 2017இன் படத்தொகுப்பு மேசை வரை, உறுப்பினர் ஆவதற்கும் இடம் பெறுவதற்கும் இடையிலான தொலைவு முற்றிலும் நீங்கிவிடவில்லை.

2015க்குப்பின் நிலை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு சோனியுடன் ஏற்பட்ட உடன்பாட்டால் ஸ்பைடர்-மேன் 2016இல் மார்வெல் படத்தில் தோன்றினார். மார்வெல் திரைப்படப் பிரிவு பெர்ல்மட்டரின் பொறுப்பிலிருந்து விலகி நேரடியாக டிஸ்னியின் கீழ் வந்ததும் அதே ஆண்டில்தான். 2018இல் 'பிளாக் பேந்தர்' 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதே ஆண்டு வாஸ்ப் என்ற பெயர் முதன்முறையாக ஒரு படத்தின் தலைப்பில் இடம்பெற்றது. 2019இல் மார்வெல் திரைப்படப் பிரிவு பெண்ணை மைய நாயகராகக் கொண்டு தயாரித்த முதல் படமாக 'கேப்டன் மார்வெல்' வந்தது. அவ்வாண்டே டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியதால் எக்ஸ்-மென் உரிமையும் திரும்பியது. பிளாக் விடோவுக்குத் தனிப்படம் 2021இல் கிடைத்தது. 2019இன் 'எண்ட்கேம்' படத்தில் அவர் இறந்துபோன பிறகு.

இந்திய வாசகருள் பெரும்பாலோர் இவ்வணிகளை அச்சில் சந்தித்தவர்கள் அல்லர். தமிழிலும் இந்தியிலும் மொழிமாற்றம் பெற்ற படங்களின் வழியே அறிந்தவர்கள். அவர்களுக்குத் திரையின் வரிசையே முதல் வரிசை. அதனால்தான் அவ்வரிசை எப்படி உருவானது என்ற வரலாறு தேவைப்படுகிறது. 2005இன் அடமானப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் திரைக்கு வர பதினொரு ஆண்டுகள் ஆயின. பட்டியலில் இல்லாத ஒரு பெயர் மூன்றே ஆண்டுகளில் வந்தது. அந்த எட்டு ஆண்டு இடைவெளிக்கு எந்த ஒப்பந்தத்திலும் விளக்கம் இல்லை. ஆய்வாளர் தேட வேண்டிய இடம் அந்த இடைவெளிதான். 1963இல் அணிக்குப் பெயரிட்டவர், அரை நூற்றாண்டுக்குப்பின் அப்பெயரோடு வெளியான படத்தில் இல்லாமற்போனதும் அத்தகைய ஓர் இடைவெளியிலேயே.